கடையில் வாங்கும் கூடுப்பெட்டிகள்: பொந்துப் பறவைகள் எதை ஏற்கின்றன?

பறவைகளுக்காக வீட்டில் மாட்டும் கூடுப்பெட்டிகள் இப்போது செடிப்பண்ணைகளிலும் இணையக் கடைகளிலும் எளிதாகக் கிடைக்கின்றன. திருநெல்வேலி மாவட்டத்தில், பனைகளும் வயல்களும் சூழ்ந்த ஓர் ஊரின் ஓரத்தில் உள்ள எங்கள் வீட்டில் மூன்று வகைக் கூடுகளைப் பயன்படுத்திப் பார்த்து இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். முதலாவது, பச்சையும் மஞ்சளும் பூசி, சரிவான கூரையும் உட்காரும் குச்சியும் வைத்த பிளைவுட் பெட்டி. விலை 350 ரூபாய். இரண்டாவது, வாயை மூடி வயிற்றில் துளையிட்ட மண்கலயம். விலை 150 ரூபாய். மூன்றாவது, பட்டுப்போன பனையின் அடித்துண்டைக் குடைந்து உள்ளூர் ஆசாரி ஒருவர் செய்துகொடுத்த மரக்கூடு. கூலியும் பொருளும் சேர்த்து 900 ரூபாய். பார்த்தவுடன் கையில் எடுக்கத் தோன்றுவது முதலாவதுதான். பறவைகளோ பனைத்துண்டை முதலிலும், மண்கலயத்தை அடுத்தும், வண்ணப்பெட்டியைக் கடைசியிலும் வைத்தன. இந்த வரிசைக்குக் காரணம் தற்செயல் அல்ல என்பதும், வெப்பமண்டலத்தில் பொந்தில் முட்டையிடும் பறவைகள் இடம் தேரும் முறையை அறிந்தவர் இதை முன்கூட்டியே சொல்லியிருக்க முடியும் என்பதும் என் கருத்து. ஆகவே பொருளை மதிப்பிடுவதற்கு முன்னால், அதில் குடியேற வேண்டிய பறவையின் தேவையைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

பொந்தில் வாழும் பறவைகளில் இரண்டு தரப்பு உண்டு. மரங்கொத்தியும் குக்குறுவானும் தம் அலகால் தாமே பொந்து குடைபவை. கிளி, மைனா, பனங்காடை, புள்ளி ஆந்தை, கொண்டலாத்தி, குண்டுகரிச்சான், இருவாச்சி ஆகியவற்றுக்குக் குடையும் வல்லமை இல்லை. கிளியால் இருக்கும் துளையைக் கடித்து அகலப்படுத்த முடியும், அவ்வளவே. இவை அனைத்தும் பிறர் குடைந்து கைவிட்ட பொந்தையோ, கிளை முறிந்த இடத்தில் பூஞ்சை அரித்து மரம் உளுத்து உண்டான குழியையோ நம்பியே இனம் பெருக்குகின்றன. 2011இல் கிறிஸ்டினா காக்கிள் என்ற பறவை ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் உலகளாவிய தரவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வட அமெரிக்காவில் பறவைகள் கூடாகப் பயன்படுத்தும் பொந்துகளில் 77 விழுக்காடு அலகால் குடையப்பட்டவை என்றும், யூரேசியாவிலும் தென் அமெரிக்காவிலும் அது 26 விழுக்காடு மட்டுமே என்றும் தெரியவந்தது. அதாவது உலகின் பெரும்பகுதியில் பொந்து என்பது மரம் முதிர்ந்து, காயம்பட்டு, உள்ளே மெல்ல மெல்ல உளுத்துப்போவதால் கிடைப்பது. அதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். இளமரங்களை ஆயிரக்கணக்கில் நட்டாலும் அவற்றில் ஒரு கிளிக்கும் இடம் கிடைக்காமல் போவது இதனால்தான்.

அர்ஜென்டினாவின் அட்லாண்டிக் காட்டில் அதே ஆய்வாளர்கள் பெட்டிகளை மாட்டிப் பார்த்தபோது, மரம் வெட்டப்பட்ட பகுதியில் மட்டுமன்றி வெட்டப்படாத பழங்காட்டிலும் கூடுகளின் அடர்த்தி கூடியது. காட்டிலேயே நல்ல பொந்துக்குத் தட்டுப்பாடு என்றால் ஊர்ப்புறத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கூடுப்பெட்டி வாங்குவது வெறும் அலங்காரச் செலவு அல்ல என்று நான் உறுதியாக நம்புவதற்கு இதுவே ஆதாரம். அந்த நம்பிக்கையோடுதான் சந்தையில் விற்கும் பொருளின் குறைகளையும் சொல்கிறேன்.

எங்கள் பகுதியில் இந்தத் தட்டுப்பாட்டை ஓரளவு தாங்கி நிற்பது மொட்டைப் பனை. மற்ற மரங்களுக்கு வைரம் என்னும் கெட்டிப் பகுதி நடுவில் இருக்கும். பனைக்கு வைரம் வெளியே, சோறு என்னும் மென்பகுதி உள்ளே. குருத்துப் பட்டுத் தலை விழுந்த பனையில் மழைநீர் மேலிருந்து இறங்கி உள்ளிருக்கும் சோற்றை இளக்கிவிடும். புறத்தே உள்ள வைரமோ ஆண்டுக்கணக்கில் கல்லாக நிற்கும். மரங்கொத்தி பக்கவாட்டில் ஒரு துளை போட்டுவிட்டால், பின்னாளில் கிளியும் மைனாவும் பனங்காடையும் புள்ளி ஆந்தையும் அதற்குப் போட்டியிடும். கிளையே இல்லாத நெடிய தண்டில், தரையிலிருந்து வெகு உயரத்தில், கெட்டியான சுவர்களுக்கு நடுவே ஆழமான இருட்டறை ஒன்று அவற்றுக்குக் கிடைக்கிறது. பொந்துப் பறவை ஒன்று விரும்பக்கூடிய ஏறத்தாழ எல்லாமே அதில் இருக்கின்றன. மூன்று கூடுகளையும் நான் எடைபோட்ட அளவுகோல் இந்த மொட்டைப் பனைதான்.

முதலில் துளை. கடைக்காரர்கள் 'எல்லாப் பறவைகளுக்கும் ஏற்றது' என்று சொல்லி விற்கும் பிளைவுட் பெட்டியில் துளையின் விட்டம் 50 மில்லிமீட்டர். எல்லாப் பறவைகளுக்கும் ஏற்ற துளை என்று ஒன்று இருக்க முடியாது. தன் உடல் சிரமப்பட்டு நுழையும் அளவே ஒரு பறவைக்குச் சிறந்த வாசல். அதைவிடப் பெரிய எதிரியோ போட்டியாளரோ உள்ளே வர முடியாமற்போவதே அதன் முதல் பாதுகாப்பு. சிட்டுக்குருவிக்கு 32 மில்லிமீட்டர் போதும். அதற்கு 50 மில்லிமீட்டர் வாசல் கொடுத்தால் மைனா உள்ளே வந்து குருவியை விரட்டிவிடும், காகம் அலகை நுழைத்துப் பார்க்கும். மைனாவுக்கு 50 சரியாக இருக்கலாம். ஆந்தைக்கு அது போதாது. இருவாச்சியின் ஏற்பாடு இதில் எல்லாவற்றையும் விஞ்சியது: பெண்பறவை பொந்துக்குள் புகுந்து, எச்சத்தையும் உணவு மிச்சத்தையும் மண்ணையும் குழைத்து வாசலை அடைத்து, ஆண்பறவையின் அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறலை மட்டும் விட்டுவைத்து, வாரக்கணக்கில் உள்ளேயே இருந்து அடைகாக்கும். வாசலைச் சுருக்குவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. துளையின் அளவை உறையின் மேல் அச்சிடாத, எந்தப் பறவைக்கு என்று சொல்லாத பெட்டியை வாங்க வேண்டாம் என்பதே என் முதல் பரிந்துரை.

அடுத்தது ஆழம். துளையின் கீழ்விளிம்பிலிருந்து அடித்தளம் வரையுள்ள தூரத்தையே ஆழம் என்று சொல்கிறேன். நான் வாங்கிய பிளைவுட் பெட்டியில் அது ஒரு சாண்கூட இல்லை. வால்காக்கையோ பூனையோ வாசலில் இருந்தபடியே குஞ்சை எட்டிவிடும் தூரம் அது. ஆழத்தின் அருமையைக் கரீபியக் கடலில் உள்ள புவெர்ட்டோ ரிக்கோ தீவின் கிளிகள் காட்டுகின்றன. 1975இல் அந்தத் தீவின் காட்டில் எஞ்சியிருந்தவை 13 கிளிகள் மட்டுமே. அவற்றின் பொந்துகளை முத்துக்கண் திராஷர் என்னும் வேறொரு பறவை ஆக்கிரமித்து, முட்டையையும் குஞ்சையும் அழித்துவந்தது. வாசலில் நின்று பார்த்தால் அடித்தளம் தெரியாத இடத்தை அந்தத் திராஷர் தவிர்க்கிறது என்பதையும், கிளிக்கு அந்த இருட்டு ஒரு பொருட்டே இல்லை என்பதையும் கவனித்த ஆய்வாளர்கள், கிளிகளுக்கு மிக ஆழமான பெட்டிகளைச் செய்து கொடுத்தார்கள். திராஷருக்கோ பக்கத்திலேயே ஆழமில்லாத தனிப் பெட்டி வைத்தார்கள். அதில் குடியேறித் தன் எல்லையைக் காக்கும் திராஷர் சோடி, பிற திராஷர்களைத் தானே விரட்டிவிட்டது. பறவையின் விருப்பு வெறுப்பைப் புரிந்துகொண்டு பெட்டியின் அளவை நிர்ணயித்தால் ஓர் இனத்தையே காப்பாற்ற முடியும் என்பதற்கு இது நடந்த சான்று. நம் ஊர்க் கிளிக்கு 45 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழம் இருப்பது நல்லது. எங்கள் ஆசாரி குடைந்த பனைத்துண்டு ஏறத்தாழ அந்த ஆழமுடையது. கையை விட்டால் முழங்கை தாண்டியும் அடி தட்டுப்படாது.

மூன்றாவது வெப்பம். இதில்தான் வண்ணப்பெட்டி முற்றாகத் தோற்கிறது, அதனால் இதைக் கூடுதலாகவே சொல்ல வேண்டும். கூடுப்பெட்டியின் பொதுவான வடிவம் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் உருவானது. அங்கே முட்டைக்குக் குளிர்தான் முதல் கவலை. நம் ஊரில் மைனாவும் குண்டுகரிச்சானும் குஞ்சு வளர்க்கும் காலத்தில் சித்திரை, வைகாசி வெயில் கொளுத்தும். முட்டைக்குள் வளரும் கருவுக்கு ஏற்ற வெப்பம் ஏறத்தாழ 36 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை. அதைத் தாண்டிய வெப்பம் நீடித்தால் கரு பிழைப்பது அரிது. உயிருள்ள மரத்தின் பொந்தில் பல விரற்கடை தடிமனுள்ள ஈரமான சுவர் இருக்கிறது. பகல் வெப்பம் உள்ளே போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். 6 மில்லிமீட்டர் பிளைவுட்டில் அந்தத் தாமதம் இல்லை. மேற்குச் சுவரில் மாட்டிய வண்ணப்பெட்டிக்குள் வெப்பமானியை வைத்துப் பார்த்தபோது, பிற்பகலில் அது திண்ணை நிழலில் காட்டிய அளவைத் தாண்டி நின்றது; பனைத்துண்டுக்குள் அதே நேரத்தில் திண்ணையின் அளவிலேயே இருந்தது. அடர்ந்த நிறத்தில் பூசிய பெட்டிகள் வெயிலை இன்னும் அதிகமாக வாங்கும். கூரைக்கு அடியில் காற்றுப் போக ஒரு விரல் இடைவெளிகூட விடாமல் ஒட்டியிருந்தது இன்னொரு குறை. காற்றுத்துளை வைப்பதற்கு உற்பத்தியாளருக்கு ஒரு ரூபாய்கூடச் செலவாகாது. அதைச் செய்யாமல் இருப்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

வெப்பத்தைப் பற்றிச் சொல்லும்போது மழையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். செம்மார்புக் குக்குறுவான் முருங்கை போன்ற மென்மரத்தின் பட்ட கிளையில் பொந்து குடையும்போது, பெரும்பாலும் சாய்ந்த கிளையின் அடிப்பக்கத்தில் வாசல் வைக்கும். மழைநீர் உள்ளே வழிவதில்லை. மேலிருந்து நோக்கும் பருந்துக்கும் துளை தெரிவதில்லை. வண்ணப்பெட்டியின் கூரை முன்பக்கம் அரை விரல்கூட நீட்டிக்கொண்டிருக்கவில்லை. கோடை மழை ஒன்று சாய்வாக அடித்தால் போதும், அடித்தளம் நனைந்து, வடிய வழியில்லாமல் ஊறிப் பிளைவுட் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடுகிறது. அடியில் நான்கு சிறு துளைகள் போட்டுத் தந்திருக்கலாம்.

உட்காரும் குச்சி தேவையே இல்லை. பொந்துப் பறவைகளின் கால்கள் செங்குத்தான மரத்தைப் பற்றிக்கொள்ளும் திறன் பெற்றவை. குச்சியால் பயன் பெறுபவை காகமும் வால்காக்கையும்தான். செடிப்பண்ணை உரிமையாளரிடம் இதைச் சொன்னபோது, "குச்சி வைக்காட்டி யாரும் வாங்க மாட்டேங்காவ, அண்ணாச்சி. கூடு மாதிரியே இல்லங்காவ" என்றார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. பெட்டியை வாங்குவது மனிதர், அதனால் அது மனிதரின் கண்ணுக்காகச் செய்யப்படுகிறது. வாங்கியவர்கள் குச்சியை அறுத்துவிடலாம். ஆனால் உள்ளே வழவழவென்று இழைத்த சுவரை மாற்றுவது அவ்வளவு எளிதல்ல. குஞ்சு பறக்கும் நாளில் அடித்தளத்திலிருந்து வாசல் வரை நகத்தால் பற்றி ஏற வேண்டும். உட்சுவரில் உளியால் குறுக்குக் கீறல்கள் போடாத பெட்டியில் குஞ்சு ஏற முடியாமல் உள்ளேயே மாட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு.

மண்கலயத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சிட்டுக்குருவிக்கு என்றால், கொடுத்த காசுக்கு மேல் உழைக்கும் பொருள் இது. சிட்டுக்குருவி மரப்பொந்தைவிட மனிதர் கட்டிய கட்டடத்தின் இடுக்கையே நாடும். ஓட்டு வீடுகளும் உத்தரங்களும் மறைந்து, இடைவெளியே இல்லாத கான்கிரீட் வீடுகள் வந்தபின் அதற்கு இடம் இல்லாமல் போயிற்று. திண்ணைக் கூரையின் கீழே, வெயிலும் மழையும் படாத நிழலில் கட்டிவிட்டால் மண்சுவர் அதிகம் சுடுவதில்லை, நெளிந்த உட்புறத்தில் வைக்கோல் நழுவாமல் நிற்கிறது. குறைகள் இரண்டு. கயிற்றில் தொங்கவிட்டால் காற்றில் சுழல்கிறது. ஆடும் கூட்டைப் பறவை நம்புவதில்லை, அதனால் சுவரோடு சேர்த்து இரண்டு இடத்தில் கட்ட வேண்டும். திறந்து துப்புரவு செய்யவும் வழியில்லை. வாயை மூடும் சில்லைச் சிமெண்ட் போட்டு ஒட்டாமல் துணியும் கயிறும் கொண்டு கட்டித் தந்தால் இந்தக் குறை தீரும்.

பனைத்துண்டுக் கூட்டுக்கு வருகிறேன். செங்கல் சூளைக்குப் போகவிருந்த அடித்துண்டு ஒன்றிலிருந்து முக்கால் மீட்டர் நீளம் அறுத்து, உள்ளிருந்த சோற்றை உளியால் வழித்தெடுத்து, அடியிலும் மேலும் பலகை அடித்து, மேல்பலகையை முன்பக்கம் நான்கு விரல் நீட்டிச் சாய்வாகக் கீல் வைத்துப் பொருத்தியிருக்கிறார் ஆசாரி. துளை 55 மில்லிமீட்டர். வார்னிஷ் இல்லை, வண்ணம் இல்லை. வாடையற்ற பழைய மரம். உட்புறம் நார்நாராக இருப்பதால் குஞ்சுக்குப் பற்றி ஏற இடமுண்டு. அடியில் மரத்தூளும் சிறு செதில்களும் இரண்டு விரற்கடைக்குப் போடச் சொன்னேன். கிளியும் ஆந்தையும் மரங்கொத்தியும் வைக்கோலோ நாரோ கொண்டுவந்து கூடு கட்டுவதில்லை, பொந்தின் அடியில் கிடக்கும் மரத்தூளின் மேலேயே முட்டையிடும்; வெறும் பலகையில் முட்டை உருண்டு குளிர்ந்துவிடும். கடைப் பெட்டிகளில் எதிலும் இந்த மரத்தூள் வைத்துத் தருவதை நான் பார்க்கவில்லை. மைனாவுக்கு இது வேண்டியதில்லை. அது சுள்ளி, காகிதம், துணி, பாம்புச்சட்டை என்று கிடைத்ததை எல்லாம் கொண்டுவந்து நிரப்பிக்கொள்ளும்.

இதன் எடைதான் பெரிய இடர்ப்பாடு. ஒருவர் தூக்கி ஏணியில் ஏற முடியாது. இருவர் வேண்டும், கயிறும் கப்பியும் வேண்டும். உயிர்மரத்தில் ஆணி அடிக்காமல், அகலமான ரப்பர் பட்டையால் கட்டினோம். மரம் பருக்கும்போது பட்டையைத் தளர்த்த வேண்டியிருக்கும். எங்கள் வேப்பமரத்தில் நான்கு மீட்டர் உயரத்தில், அக்கம்பக்கத்துக் கிளைகள் தொடாத இடமாகப் பார்த்து, வாசல் வடகிழக்கை நோக்க மாட்டியிருக்கிறோம். மேற்கு வெயிலும், ஆடி மாதத்துத் தென்மேற்குக் காற்றும் முகத்தில் அடிக்காத திசை அது. கிளைகள் தொடாத இடம் என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன்: வெப்பமண்டலத்தில் பொந்துக்கூடுகளை அழிப்பவற்றில் மரமேறும் பாம்புகள் முன்னணியில் உள்ளவை; கிளைக்குக் கிளை தாவிவரும் வழி இல்லாத மரத்தைப் பறவை விரும்புவதற்கும், நெடிய மொட்டைப் பனையின் மதிப்புக்கும் இதுவும் ஒரு காரணம்.

உயரம் என்பது மனிதருக்கும் எதிரான காப்பு. செந்தார்ப் பைங்கிளியின் குஞ்சுகளைப் பொந்திலிருந்து எடுத்து விற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கிளியைப் பிடிப்பதும் கூண்டில் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சுவரில் கைக்கெட்டும் உயரத்தில் கிளிக்குக் கூடு வைப்பது அதன் குஞ்சைக் களவுக்குக் காட்டிக்கொடுப்பதாகும். கிளி வரவேண்டும் என்று எண்ணி வாங்குபவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

பனைத்துண்டில் முதலில் குடியேறியது அணில். அடுத்து மைனா வந்து அணிலை வெளியேற்றிக் குஞ்சு பொரித்தது. மழைக்காலம் முடிந்து மார்கழியில் கிளிச்சோடி ஒன்று வந்து துளையின் விளிம்பைக் கடித்துப் பார்க்கத் தொடங்கியது. நம் பகுதியில் கிளி மைனாவைவிட முந்திக் கூடு தேடும், அதனால் அந்தப் பருவத்தில் இடம் காலியாகக் கிடைத்தது அதற்கு. ஒரே பொந்து காலத்தைப் பகிர்ந்துகொண்டு இருவருக்குப் பயன்பட்டது எனக்குப் பெருமகிழ்ச்சி. இதற்கு நடுவே வண்ணப்பெட்டியில் ஒரு பறவையும் தங்கவில்லை. பல்லிகளும் குளவிகளும் இடம்பிடித்தன. வாங்குபவர்கள் ஏமாற்றம் அடையாமல் இருக்க ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: வெப்பமண்டலத்தில் பொந்துக்குப் பறவைகள் மட்டுமே போட்டியாளர்கள் அல்லர். அடுக்குத்தேனீக் கூட்டம் ஒன்று பெட்டிக்குள் புகுந்துவிட்டால் அந்தப் பருவம் பெட்டி அவற்றுக்கே சொந்தம். மருந்தடித்துக் கொல்ல வேண்டாம். தேன் வளர்ப்போருக்குச் சொன்னால் பக்குவமாக எடுத்துப்போவார்கள், கன்னியாகுமரி மாவட்டத்தின் மார்த்தாண்டம் பக்கம் அந்தத் தொழிலை அறிந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

எந்தக் கூடுப்பெட்டியாலும் நிறைவு செய்ய முடியாத பறவைகள் உண்டு; விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. குக்குறுவானும் மரங்கொத்தியும் பெரும்பாலும் தாம் குடைந்த பொந்தையே விரும்பும். அவற்றுக்கு நாம் செய்யக்கூடியது, பட்ட கிளையை 'அசிங்கம்' என்று வெட்டாமல் விட்டுவைப்பதுதான். செம்பழுப்பு மரங்கொத்தியின் தேவை இன்னும் விசித்திரமானது: மரக்கிளையில் எறும்புகள் கட்டிய அட்டை போன்ற கூட்டைத் துளைத்து அதற்குள்ளேயே முட்டையிடும் பறவை அது. பெரிய இருவாச்சிக்கு வேண்டியது பேருருவ மரம். அருணாச்சலப் பிரதேசத்தின் பக்கே காட்டில் இருவாச்சிகளின் கூடுகளை ஆராய்ந்தபோது, அவற்றில் பெரும்பாலானவை டெட்ரமெலிஸ் என்னும் உயர்ந்தோங்கிய மென்மரத்தில் இருப்பது தெரிந்தது. அந்த மரத்தில் அமைந்த நல்ல பொந்து ஒன்றுக்கு இருவாச்சிகள் ஆண்டுதோறும் திரும்பி வரும். ஒரு மரம் விழுந்தால் ஒரு சோடியின் வீடு போயிற்று. தாய்லாந்தின் காவோ யாய் காட்டில் 1978 முதல் இருவாச்சிகளை ஆராய்ந்துவரும் பிலாய் பூன்ஸ்வாட் குழுவினர், அடித்தளம் இறங்கிப்போன பொந்துகளில் மண் நிரப்பியும், சுருங்கிய வாசலைச் செதுக்கியும், உளுத்த பொந்துகளைத் திரும்பவும் வாழத்தக்கவையாக ஆக்கினார்கள். புதுப்பெட்டி வைப்பதைவிட இருக்கும் பொந்தைப் பழுதுபார்ப்பது சில இடங்களில் மேலானது என்பதை அந்தப் பணி காட்டுகிறது. நம் ஊர் மரத்தில் பொந்து இருந்தால் அதைச் சிமெண்ட் வைத்து அடைக்கும் வழக்கத்தை நாம் நிறுத்தினால் அதுவே ஒரு கூடுப்பெட்டி.

பனையைப் பற்றியும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். 2021ஆம் ஆண்டின் வேளாண்மை நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. ஆனால் நம் மக்கள் மனத்தில் பச்சை ஓலையோடு நிற்பதுதான் பனை. தலையிழந்து நிற்பது விறகு. பொந்துப் பறவைக்குக் கணக்கு நேர்மாறானது. சொந்த நிலத்தில் மொட்டைப் பனை வைத்திருப்பவர், அது வீட்டின் மேலோ மின்கம்பியின் மேலோ விழும் தூரத்தில் இல்லையென்றால், இந்த மூன்று கூடுகளில் எதையும் வாங்காமல் அதை அப்படியே விட்டுவிடலாம்.

அப்படி நிலமும் மரமும் இல்லாதவர்களுக்கே இந்த மதிப்பீடு அதிகம் பயன்படும். அடுக்ககத்தில் இருப்பவர்கள் 150 ரூபாய் கொடுத்து மண்கலயம் வாங்கலாம். துளை 32 மில்லிமீட்டரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அளவுகோலைக் கடைக்குக் கையோடு கொண்டுபோவது நல்லது. தோட்டமும் முதிர்ந்த ஒரு மரமும் உள்ளவர்கள் 900 ரூபாய் செலவிட்டு ஆசாரியிடம் பனைத்துண்டோ பழந்தென்னைத் துண்டோ குடையச் சொல்லலாம்; தென்னை எடை சற்றுக் குறைவு, ஆனால் பனையளவு ஆண்டுகள் தாங்காது. வண்ணப்பெட்டியை இப்போதிருக்கும் வடிவில் நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் குச்சியை அறுத்து, அடியிலும் கூரையோரத்திலும் துளைகள் போட்டு, உட்சுவரைக் கீறி, வெளிப்புறத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து, நாள் முழுவதும் நிழல் விழும் சுவரில் மாட்டினால் ஓரளவு பயன்படும். வாசல் முன்னே குருவி அளவுத் துளையிட்ட தகடு ஒன்றைத் திருகாணியால் பொருத்திக்கொள்ளலாம்.

உற்பத்தியாளர்களுக்கு ஒரு வேண்டுகோளும் வைக்கிறேன். பலகையின் தடிமனை 18 மில்லிமீட்டராக உயர்த்துங்கள். விலை 600 ரூபாய் ஆனாலும் வாங்குவதற்கு ஆள் இருக்கிறார்கள். 'எல்லாப் பறவைகளுக்கும்' என்ற வாசகத்தை நீக்கிவிட்டு, குருவிக்கு, குண்டுகரிச்சானுக்கு, மைனாவுக்கு, ஆந்தைக்கு என்று தனித்தனி அளவில் செய்து, எந்த உயரத்தில், எந்தத் திசையில், எந்த மாதத்துக்கு முன்னால் மாட்ட வேண்டும் என்ற குறிப்பைத் தமிழில் ஒட்டித் தாருங்கள். புள்ளி ஆந்தைக்கான கூடு எந்தக் கடையிலும் எனக்குக் கிடைக்காததால், 75 மில்லிமீட்டர் துளையோடு இன்னொரு பனைத்துண்டைக் குடைந்து தரும்படி ஆசாரியிடம் முன்பணம் கொடுத்திருக்கிறேன். தை பிறப்பதற்குள் மாட்டியாக வேண்டும்.